பாரிஸ் வீட்டின் இரண்டாவது சாவி

இந்த ஊர்க் கதவுகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சாத்தினால் தாமாகவே பூட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் இருக்கும் கைப்பிடி வெறும் அழகுக்குத்தான். சாவி உள்ளே மேசைமேல் இருக்க, நீங்கள் குப்பைப் பையோடு வெளியே நிற்க, காற்றுக்குக் கதவு அடித்துக்கொண்டால் கதை முடிந்தது. அதனால் புதிதாக வருகிறவர்களுக்கு முன்னால் வந்தவர்கள் சொல்லும் முதல் புத்திமதி, இன்னொரு சாவியை ஒரு சிநேகிதன் வீட்டில் கொடுத்து வை என்பதுதான். நல்ல யோசனை. சிநேகிதனுக்கு எங்கே போவது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

பாரிஸ் என்று ஊரில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோமே தவிர, எங்களில் முக்கால்வாசிப் பேர் பாரிசில் இல்லை. ரயில் தடங்கள் போய் முடியும் இடங்களில் இருக்கிறோம். நான் தெற்குக் கோடி. என்னோடு புதுச்சேரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த செல்வம், வீராம்பட்டினத்துக்காரன், வடக்குக் கோடி. என்னுடைய இரண்டாவது சாவி அவன் வீட்டில்தான் இருந்தது. இரண்டு ரயிலும் ஒரு பஸ்ஸும் பிடித்தால் என் கதவு திறக்கும். ஊரில் எங்கள் தெருவிலிருந்து பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனால், வழியில் நாலு பேரிடம் நின்று பேசி, போய்ச் சேர்வதற்குள் நல்ல மீன் தீர்ந்துவிடும். சிநேகிதர்களின் தொல்லை தாங்கவில்லை என்று அன்றைக்குச் சலித்துக்கொண்டவன் நான்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் நல்லவர்கள். வேலையிடத்தில் ஒருவரிடம் "ஒரு நாள் காபி சாப்பிடலாமா?" என்று கேட்டேன். மனிதர் முகம் மலர்ந்தது. உடனே கைபேசியை எடுத்துத் தேதி தேடினார். அடுத்த மாதக் கடைசி ஞாயிறு, நாலு மணிக்கு மேல் ஆறு மணிக்குள் என்றார். பல் டாக்டர்கூட அதைவிடச் சீக்கிரம் கிடைப்பார். நம்மவர்கள் மட்டும் என்ன வாழ்ந்தோம்? வருஷத்துக்கு ஒருமுறை வாடகை மண்டபத்தில் பொங்கல் விழா நடத்துவோம். "அடிக்கடி பாத்துக்கணும்யா" என்று கட்டிப்பிடித்துக்கொள்வோம். அடுத்த பொங்கலுக்கு அதே மண்டபத்தில் அதையே சொல்லிக் கட்டிப்பிடித்துக்கொள்வோம்.

பக்கத்து வீட்டில் மதாம் ஒதீல் என்று ஒரு அம்மாள், கணவரை இழந்தவர், தனியாக இருக்கிறார். போன வருஷ ரமலான் நோன்பில் கஞ்சி காய்ச்சினேன். ஒற்றை ஆளுக்குக் கஞ்சி காய்ச்சும் அளவு எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது. மிஞ்சியதை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி மதாமிடம் கொடுத்தேன். மறுநாள் என் கதவுக் கைப்பிடியில் தூக்கு தொங்கியது. பளபளவென்று கழுவி, "மெர்ஸி" என்று நன்றி எழுதிய ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி, உள்ளே சுத்தமாகக் காலி.

எங்கள் முல்லா வீதியில் கஞ்சித் தூக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் வெறுமனே திரும்பாது. இந்துக்கள் வீட்டிலிருந்தும் இரண்டு வாழைப்பழமாவது வரும், ஒன்றுமில்லை என்றால் ஒரு பிடி சர்க்கரை. காலிப் பாத்திரம் வந்தால் ஏதோ மனஸ்தாபம் என்று அர்த்தம். எனக்குச் சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து மதாமைப் பார்த்தால் ஒரு போன்ழூர் வணக்கம், அதோடு சரி. வருஷம் முழுக்க நான் கோபித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் ஒரு சனிக்கிழமை காலையில் கதவு அடித்துக்கொண்டது. கைலியும் பனியனுமாக, கையில் குப்பைப் பையோடு நான் வெளியே. கௌரவத்தைப் பார்த்தால் குளிரில் விறைக்க வேண்டியதுதான். மதாமின் கதவைத் தட்டினேன். சங்கிலியைக் கழற்றாமல் எட்டிப் பார்த்தவர், நான் வாயைத் திறப்பதற்குள், "மன்னியுங்கள், ரேடியோவைக் குறைத்துவிடுகிறேன்" என்றார். எங்கள் கட்டடத்தில் புகார் சொல்லத் தவிர யாரும் யார் கதவையும் தட்டியதில்லை.

உள்ளே விட்டார். அவருடைய தொலைபேசியிலிருந்து செல்வத்தைக் கூப்பிட்டேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.

"இன்னிக்கு ரயிலு ஓடலடா, தண்டவாள வேலையாம். பஸ்ஸு மாறி மாறித்தான் வரணும். கைலியோடவா நிக்கிற?"

"ஆமாண்டா."

"அப்ப வரேன். அதப் பாக்கணும்."

முன்கூட்டிச் சொல்லாமல் வந்துவிட்ட ஓர் ஆளை என்ன செய்வது என்று மதாமுக்குப் புரியவில்லை. மேசைக்கு விரிப்புப் போட்டார், எடுத்தார், வேறொன்று போட்டார். காபி கொடுத்தார். சும்மா இருக்க முடியாமல் நான் தூக்குக் கதையை எடுத்தேன்.

"நன்றாகத் தேய்த்துத்தானே கொடுத்தேன்?"

"அதுதான் மதாம் பிரச்சினை" என்று எங்கள் வழக்கத்தைச் சொன்னேன்.

மதாம் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "மணியடித்துக் கையில் கொடுக்கத்தான் வந்தேன். தொந்தரவாக இருக்குமோ என்று மாட்டிவிட்டுப் போனேன். அப்புறம் நீங்கள் பேசவே இல்லை. கஞ்சி எனக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்துவிட்டது போல என்று நினைத்தேன்."

"பிடிக்கவில்லையா?"

"இல்லை" என்றார். பிரெஞ்சுக்காரர்களிடம் மரியாதைக்குப் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது. அவருடைய இரண்டாவது சாவி எங்கே என்று கேட்டேன். நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் லியோன் நகரத்தில், மகன் வீட்டில். என்னுடையதாவது வடக்குக் கோடியில்தான் இருந்தது.

செல்வம் வந்தான், வாய்விட்டுச் சிரித்தான், கதவைத் திறந்தான். அவன் கொண்டுவந்த சாவியை அவன் கண்ணெதிரிலேயே மதாமிடம் கொடுத்தேன். "அப்ப என்கிட்ட இருந்து புடுங்கிட்ட" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் முகம் வாடியதைப் பார்த்தேன். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. சாவியைக் காரணமாக வைத்துத்தான் நாங்கள் போனில் பேசிக்கொண்டே இருந்தோம்.

மதாம் இப்போது பாத்திரத்தைக் காலியாகத் தருவதே இல்லை. உள்ளே சீஸ் இருக்கும், பச்சைப் பூஞ்சை பூத்தது. வழக்கத்தைச் சொன்னது என் தப்புதான். நான் பிடித்திருக்கிறது என்றே சொல்லிவருகிறேன்.

போன மாதம் ஊருக்குப் போனேன். தேதி குறித்துக் குறித்து அலுத்துப்போனவன், நம் ஊரிலாவது சொல்லாமல் போய் நிற்கலாம் என்று ஆசைப்பட்டு அண்ணனுக்குக்கூடத் தெரிவிக்கவில்லை. ஆட்டோவை விட்டு இறங்கினால் வீடு பூட்டியிருக்கிறது. புதுக்கதவு. எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா எட்டிப் பார்த்தார். ஒரு காலத்தில் எங்கள் வீட்டுச் சாவி அவர் வீட்டு ஆணியில்தான் தொங்கும்.

"ஒங்க அண்ணன் வீட்ல எல்லாரும் தவளக்குப்பத்துல கல்யாணத்துக்குப் போயிருக்காங்க தம்பி. சாயந்திரம்தான் வருவாங்க."

"சாவி குடுத்துட்டுப் போகலியாக்கா?"

"இப்ப யாரு வீட்டு சாவிய யாரு வச்சிக்கிறா? இது சாத்துனா தானா பூட்டிக்குமாம். பாரிசுலல்லாம் இதானாமே. நீங்க ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாம்ல?"

உள்ளே வந்து உட்காரச் சொன்னார். வேண்டாம் அக்கா, தொந்தரவு என்றேன். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் யாருடையது என்று உறைத்தது.

பெட்டிமேல் உட்கார்ந்தேன். கைபேசியில் மதாம் அனுப்பிய படம் வந்திருந்தது. என் சமையலறை, என் புதினாத் தொட்டி, ஓரத்தில் அவர் கை. தண்ணீர் ஊற்றிவிட்டாராம், நான் திறந்து போட்டுவந்த ஜன்னலையும் சாத்திவிட்டாராம். அங்கே என் வீட்டுக்குள் ஆள் இருந்தது. நான் பிறந்த வீட்டின் வாசலில், அண்ணன் சாவியோடு வரட்டும் என்று, நான் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.