யாராவது இருக்கிறீர்களா?

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படுக்கை விரிப்பை உதறி, மூலை பிடித்து, கண்மூடித் திறப்பதற்குள் அடுக்கிவிடுவாள். எழுத்தைக் கண்டால் மட்டும் காத தூரம் ஓடுவாள். ஒரே மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அம்மாவுக்கு எழுத்து ஆகாது, மகளுக்குச் சத்தம் ஆகாது. வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவளோடு பேச வீடியோ கால் ஒன்றே கதி. போனை எதிலாவது சாய்த்து வைத்துவிட்டு இருவரும் கையால் பேசுவார்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த கைப்பேச்சு அது.

மகள் இப்போது நிறைமாதம். துணைக்கு வரட்டுமா என்று கேட்க வேண்டும். அதில்தான் வந்தது வில்லங்கம். போனைப் புதுசாக்குகிறேன் பேர்வழி என்று கடைக்காரர் எதையோ தட்டிக் கொடுத்ததிலிருந்து, வீட்டில் பேசும்போது பாதியில் திரையில் ஒரு வெள்ளைப் பெட்டி எழுத்தோடு வந்து நிற்கிறது. இவள் திருதிருவென்று முழிக்கும்போதே மகளின் முகம் மறைந்துவிடுகிறது. சலவைக்கூடத்திலிருந்து பேசினால் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அங்கே சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பிரசவப் பேச்சை அங்கே எடுக்க மனசு வரவில்லை.

வீட்டில் அப்படி என்ன பிடிக்கவில்லை மகளுக்கு? அப்பாமேல் கோபமோ? வீட்டுக்காரரை வெளியே அனுப்பினாள்.

"நான் என்ன பண்ணேன்?"

"தெரியல. கொஞ்ச நேரம் வாசல்ல நில்லுங்க."

அப்போதும் கட்டானது. புடவையை மாற்றினாள், நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். குழப்பம்தான் மிச்சம். வரட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் மறைகிறாளே, வராதே என்பதைத்தான் இப்படிச் சொல்கிறாளோ?

ஒருநாள் நாத்தனார் வந்திருந்தாள். வாய் ஓயாதவள், அன்று இடைஞ்சல் வேண்டாமென்று அதிசயமாக வாயைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் வழக்கம்போல வாசலுக்குப் போனார். பேச்சு நடுவே பெட்டி வந்தது. நாத்தனார் எட்டிப் படித்தாள்.

"ஐயோ அண்ணி, யாருமே பேசலையே, யாராவது இருக்கீங்களான்னு கேக்குது. பதில் சொல்லலைன்னா கட் பண்ணிடுமாம்!"

"யாருமே இல்லையாமா?" மடிப்பக்காவுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "ரெண்டு கையும் வலிக்கப் பேசிட்டிருக்கேன், பாத்துட்டுத்தானே இருக்கு!"

சலவை மெஷினின் இரைச்சலை ஆள் என்று எடுத்துக்கொண்ட போன், வீட்டில் ஆளையே கணக்கில் சேர்க்கவில்லை. என்ன புத்தியோ!

நாத்தனார் அவசரமாகப் பெட்டியைத் தட்டினாள். மகள் மறையவில்லை. அவள் கைகள் கோபமாகப் பறந்தன: 'நான் வா வான்னு சொல்றேன், நீ ஏன் ஒவ்வொரு தடவையும் வச்சிடற?'

மடிப்பக்காவுக்குக் கண்ணைக் கரித்தது. பெட்டி சொன்னதைக் கையால் விளக்கினாள். சத்தம் வேண்டுமாம், இல்லாவிட்டால் நாம் இல்லையாம்.

மகள் யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள் என்று சின்ன வயதில் மூடிய வாய், அப்புறம் யாருக்காகவும் திறந்ததில்லை. இப்போது திறந்தாள். உடைந்து, ஏறி இறங்கி, நீளமாக ஒரு குரல் வந்தது. அதில் சொல் ஏதும் இருந்ததா என்று மடிப்பக்காவுக்குத் தெரியவில்லை.

வாசலிலிருந்து வீட்டுக்காரர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"யாரு? யாரு அது?"

"நம்ம பொண்ணுதாங்க" என்றாள்.