வீடு பார்க்கப் போன இடத்தில் காஸ்தா

எண்பதுகளின் கடைசியில் பொழிச்சலூரில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். காற்று திரும்பினால் தோல் பதனிடும் நாற்றம் சோற்றுக்குள்ளேயே வந்துவிடும். மனைவிக்கு எட்டாம் மாதம். தின்றதெல்லாம் வாந்தி. பிள்ளை பிறப்பதற்குள் வேறு வீடு பார்த்தே ஆக வேண்டும்.

"ராஜகீழ்ப்பாக்கத்துல ஒரு வூடு கீது சார். ஓனரு தங்கமான மன்ஷன், படிச்சவரு" என்றார் புரோக்கர்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. சமையலறைக்குள்ளேயே குழாய். மனைவி ஜன்னலருகே நின்று மூச்சை நன்றாக இழுத்துவிட்டாள். "இங்கயே வந்துடலாங்க" என்றாள்.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். நான் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன் என்றதும் மனிதருக்கு உற்சாகம் தாங்கவில்லை. எங்களை உட்காரவைத்து, தடித்தடியாக அகராதிகளை இறக்கிவிட்டார்.

"சாதிக்கு இங்கிலீஷ்ல கேஸ்ட்ங்கறோமே, அது நம்ம சொல்லே இல்ல சார். போர்ச்சுகீஸ்காரன் கொண்டுவந்த 'காஸ்தா'. அவன் ஊர்ல திராட்சை ரகத்துக்கும் அதான் பேரு. ஸ்பானிஷ்ல சண்டைக் காளையோட வம்சத்துக்குச் சொல்வான். பிரெஞ்சுக்காரன், ஜெர்மன்காரன், இங்கிலீஷ்காரன் எல்லாம் அதை வாங்கி நம்ம தலையில கட்டிட்டான். மூலம் லத்தீன், 'சுத்தம்'னு அர்த்தம்னு ஒரு கட்சி. இல்ல, பழைய ஜெர்மானிய பாஷை, ஒரே ஈத்துல பொறந்த மிருகக் குட்டிங்கன்னு இன்னொரு கட்சி. ஹவ் ஃபன்னி!"

விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். இவருக்குச் சாதியாவது மண்ணாவது என்று நம்பியும்விட்டேன்.

அப்புறம் ஆரம்பித்தார். சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு? கோயிலுக்கு எந்தப் பக்கம்? நான் ஊர்ப் பேரோடு நிறுத்திக்கொண்டேன். "பரவால்ல, பரவால்ல" என்று அவர் எழுந்து வர, நானும் எழுந்தேன். பெற்ற பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதுபோல் இடது தோளில் கைவைத்தார். கை அங்கே நிற்கவில்லை. முதுகில் சரிந்து, சட்டைக்கு மேலாகவே விரல்களால் துழாவியது. பூணூலைத் தேடுகிறான் மனுஷன்! நம் ஊரில் காலங்காலமாக நடக்கிற சோதனைதான், எனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் சீ, என்ன அருவருப்பு! கரப்பான்பூச்சி ஊர்ந்திருந்தால் உதறியிருப்பேன். வீடு வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தேடியது அகப்படவில்லை. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"வீட்ல கலந்துண்டு சொல்றேனே..."

மனைவி நாற்காலியைப் பிடித்து எழுந்து, அவர் எதிரே போய் நின்றாள்.

"என் வயித்தையும் தடவிப் பாத்துடுங்க சார். உள்ள இருக்கறதும் இந்த வீட்லதான இருக்கணும்?"

எங்கள் பெண் பொழிச்சலூரில்தான் பிறந்தாள்.