கதைக்காதை மூடிவிட்டுத்தான் போனார்

எங்கள் வீட்டில் பொய்ச் செய்தி பரப்புவது என் வேலை. குளத்து முதலை ரோட்டுக்கு வந்துவிட்டது, பள்ளிக்கூட அதிபருக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது, பெரியப்பாவுக்கு லொத்தரில் மோட்டார் சைக்கிள் விழுந்துவிட்டது, எல்லாம் நான் கிளப்பியவை. ஆகவே அன்று காலை நான் பள்ளிக்கூடத்துக்குக் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு நின்றபோது பக்கத்து வீட்டுக் கீர்த்தி ஓடிவந்து, "அக்கா, கௌசி அக்காவை டிப்பர் அடிச்சிட்டுது" என்றதும், பழைய பகிடி ஒன்றுக்குப் பழிவாங்குகிறான் என்றே நினைத்தேன்.

"டிப்பருக்கு ஒண்டும் ஆகேல்லையே?" என்று கேட்டேன்.

அவன் அழத் தொடங்கினான்.

கௌசல்யா என் மாமியின் மூத்த மகள். எனக்கு மச்சாள். எங்கள் இரண்டு வீடும் ஒரே வளவுக்குள்தான். கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் தைத்தார். விடியற்காலையில் வாய்க்கால் ரோட்டால் சைக்கிளில் சந்திக்குப் போய், அங்கே தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுவார். அன்று சந்திவரை போய்ச் சேரவில்லை.

முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு, அதுதான் கல்வெட்டுக்கு, நீயும் ஒரு பக்கம் எழுது என்று வீட்டார் சொல்லி, மாதிரிக்குப் பழைய கல்வெட்டு ஒன்றையும் தந்தார்கள். அதில் "அடக்கத்தின் சிகரம், அமைதியின் உருவம்" என்று இருந்தது. மச்சாள் சிரித்தால் அடுத்த வளவு நாய் குரைக்கும். அவரைப் பற்றி அப்படி எழுத எனக்கு வராது. கல்வெட்டு என்ற பெயருக்காகக் கல்லை வெட்டுங்கள். என் வரிகளை வெட்டாதீர்கள்.

நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது தமிழ்ப் பாடத்தில் கதைத்து அகப்பட்டேன். "எடி பிள்ளை, கதைக்காதை!" என்று சேர் கத்தினார். எங்கள் பக்கத்தில் பேசாதே என்பதை அப்படித்தான் சொல்வோம்.

"எந்தக் கதைக் காதை, சேர்? இடதோ, வலதோ?" என்று கேட்டேன். மணி அடிக்கும்வரை வெளியே முழங்காலில் நின்றேன்.

அன்று பின்னேரம் இதைச் சொன்னபோது மச்சாள் சிரிக்கவில்லை. அரிசி கழுவிய கையோடு அப்படியே நின்றார். "எடி, உண்மையா அப்பிடி ஒரு காது இருந்தா? கதை கேக்கிறதுக்கு மட்டும்?"

அந்தக் கேள்வியிலிருந்துதான் நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதிய கற்பனை நாடு, கதைக்காதூர், உண்டானது. அங்கே எல்லோருக்கும் வலது காதுக்குள் இன்னொரு காது உண்டு. மடலை மடித்து அழுத்தினால் அது மூடிக்கொள்ளும். மழைபோலப் பெய்யும் கதைகள் ஒரு குளத்தில் தேங்கும். வயலுக்குத் தண்ணீர் விடுவதுபோல வீட்டுக்கு வீடு முறைவைத்துத் திறந்துவிடுவார்கள். முறை தப்பித் திறந்தவன் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைப்பார்கள், ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

அந்த ஊருக்கு நான் பறக்கும் மாடு ஒன்று கேட்டேன்.

"பறக்கட்டும். பால் எங்க விழும்? ஆர் சட்டி ஏந்துறது?"

"கற்பனைதானே மச்சாள்!"

"கற்பனை எண்டாலும் பால் கீழதான் விழும். சட்டி ஏந்துறவளின்ர பேரைச் சொல்லு, மாட்டை விடுறன்."

சட்டி ஏந்துகிறவளுக்குப் பெயர் வைக்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது. மாட்டைவிட அவள்தான் கதைக்காதூரில் பேர்போன ஆளானாள்.

மச்சாள் உலையில் அரிசி போட்டுவிட்டு, போனை எடுத்து எழுதத் தொடங்குவார். சோறு வெந்ததும் நிறுத்திவிடுவார். வசனம் பாதியில் நின்றாலும் சரி. "சோறு கரிஞ்சா நாடும் கரிஞ்சிடும்" என்பார். ஒருமுறை போட்டி ஒன்றுக்காக நான் சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல் எழுதிக் காய்ச்சலில் விழுந்தேன். பெருமையாகக் காட்டினேன். வாசிக்காமலே போனைத் திருப்பித் தந்தார். "உடம்பைத் திண்டு எழுதின எழுத்து எனக்கு வேண்டாம். போய்ப் படு."

எழுதி முடித்தால் வலது காது மடலை மடித்து அழுத்துவார். வாசல் படலையைத் தாண்டும்போது இன்னொரு தரம். "ரோட்டில கதை வேண்டாமடி. ரோட்டில ரோட்டைத்தான் பாக்கோணும்."

இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

வேகமாக, பிழையான பக்கத்தால், மணல் ஏற்றிக்கொண்டு வந்தது அந்த டிப்பர். சாரதி சொன்னது ஒரே வசனம்: "பிள்ளை பராக்குப் பாத்துக்கொண்டு வந்தது." கூத்தில் ராசா வரும்போது பராக், பராக் என்று கட்டியம் கூறி ஆட்களை ஒதுங்கச் சொல்வார்கள். இங்கே டிப்பர்தான் ராசா. ஒதுங்காத மச்சாள் குற்றவாளி.

சாரதியாவது தன்னைக் காப்பாற்றச் சொன்னான். செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கு என்ன வந்தது? தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு பெரியப்பா சொன்னார்: "எந்த நேரமும் போனும் கற்பனையும். அந்த யோசினையிலதான் போயிருப்பாள்."

"பெரியப்பா, டிப்பர் என்ன யோசினையில வந்தது?" என்று கேட்டேன்.

"வாய் காட்டாதை. கதைக்காதை!"

அந்தச் சொல்லையே சொன்னார். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. பார்த்தவர்கள் இவளுக்கு ஈரமில்லை என்றார்கள்.

ஆனால் மாமி கேட்டுக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்து, மிக மெதுவாகக் கேட்டார்: "எடி பிள்ளை, நீதானே அவளோட இருந்து எழுதினனி. உண்மையாவே யோசிச்சுக்கொண்டுதான் போனவளோ? நான் அந்தப் போனைப் பறிச்சு வைச்சிருக்கோணுமோ?"

பெரியப்பாவின் ஒரு வசனம், மகளை இழந்த தாயை மகளின் கதைகள்மீதே பழிபோட வைத்துவிட்டது. அதை நான் மன்னிக்கமாட்டேன். இந்தக் கல்வெட்டை அவரும் வாசிப்பார். வாசிக்கட்டும்.

மாமிக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்கிறேன். அன்று காலை நான் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றேன். மச்சாள் படலையைத் திறந்தார். போன் கைப்பையில் இருந்தது. என்னைப் பார்த்து, "குரங்கு, முகத்தையும் கழுவு" என்றார். வலது காது மடலை மடித்து அழுத்தினார். அதன் பிறகுதான் சைக்கிளில் ஏறினார். நான் கண்ணால் கண்டேன். கதைக்காதூர் பூட்டிக் கிடந்தது. மச்சாள் ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் போனார். ரோட்டைப் பார்க்காமல் வந்தது மற்றது.

இது பகிடி அல்ல. நான் பரப்பியவற்றில் உண்மையான செய்தி இது ஒன்றுதான். இதையும் பரப்புங்கள்.

அன்று செத்தவீட்டில் இதைக் கேட்ட பிறகும் மாமி என் கையை விடவில்லை. பெட்டியை மூட வந்தவர்களை, "கொஞ்சம் பொறுங்கோ" என்று மறித்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

நான் குனிந்து, மச்சாளின் வலது காது மடலை விரலால் மெல்லப் பிடித்து நிமிர்த்திவிட்டேன்.

போயிட்டு வாங்கோ, மச்சாள். இனி ரோட்டும் இல்லை, அடுப்பில் சோறும் இல்லை. திறந்தே வைச்சிருங்கோ. நான் கதைப்பன்.