சாவிக்காரர் தாண்டவராயனும் செண்பகப் பேயும்

உத்திரமேரூருக்கும் சாலவாக்கத்துக்கும் நடுவே, பஸ் நின்றால் நிற்கும், நிற்காவிட்டால் போகும் ஓர் ஊரில் தாண்டவராயன் என்பவர் வாழ்ந்தார். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை, ஒரு மனைவி, ஒரு சாவி. முதல் இரண்டும் ஊரில் பலருக்கு இருந்தன. சாவி அவர் ஒருவருக்கே.

எண்பத்தாறாம் வருஷம் பஞ்சாயத்து ஆபீசுக்கு அரசாங்கம் கொடுத்த டிவி, பூட்டுப் போட்ட மரப்பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பூட்டின் சாவி அவருடைய அரைஞாணில் தொங்கியது. யார் எந்தப் பொறுப்புக்கு வரலாம், யார் கூடாது என்று ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சுவரில் வெட்டி வைத்த உத்திரமேரூரின் பக்கத்து ஊர்க்காரர் அல்லவா? பதவியின் மகத்துவம் தெரியும். சுவிட்சைப் போடுவதற்கு முன் செருப்பைக் கழற்றுவார்.

அவர் மனசைப் பறிகொடுத்தது ‘கருமலை மாந்திரீகர்’ என்ற தொடருக்கு. வாரம் ஒரு பேயைப் பிடித்துச் சீசாவில் அடைத்துக் கடலில் எறிவார் மாந்திரீகர். தாண்டவராயனும் அவரைப் போலவே நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் வைத்துக்கொண்டு வரப்புத் தகராறுகளுக்குத் தீர்ப்புச் சொல்லத் தொடங்கினார்.

தொடர் முடிந்த அன்று ஓர் அறிவிப்பு வந்தது. மாந்திரீகர் அடைத்த பேய்களில் ஒருத்தியான செண்பகம் சீசாவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறாள். அடுத்த வாரம் முதல் அவள் கதை தனித்தொடர், ‘செண்பகத்தின் குடித்தனம்’. பழைய தொடரில் அவள் வெறும் புகையும் தலைமயிரும்தான். முகத்தைக்கூடக் காட்டவில்லை.

தாண்டவராயன் எழுந்து நின்றார். “அடச்சி வச்ச பேய வெளிய வுட்டா, அடச்சவனுக்கு இன்னாய்யா மரியாத?”

அவர் டிவி முன்னாலேயே கற்பூரம் கொளுத்தினார். “இந்தப் பேய் மூஞ்சிய நான் பாக்க மாட்டேன். பாத்தா, அந்த நிமிசமே சாவிய வேதாசலத்துகிட்ட குடுத்துடறேன்!” என்று உள்ளங்கையால் அணைத்தார்.

கற்பூரம் அணைத்த சொல்லை அந்த ஊரில் மாற்ற முடியாது. வேதாசலம் அவர் மனைவியின் தம்பி. பெட்டி வந்த நாளிலிருந்தே அந்தச் சாவியின் மேல் கண்.

“மாமா சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சில்ல?” என்றான் வேதாசலம், மிகுந்த பணிவோடு.

முதல் வாரம் தாண்டவராயன் பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டுவிட்டு வெளியே போய்ச் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். உள்ளே சிரிப்புச் சத்தம். பேயைப் பார்த்துச் சிரிக்கிற காலம் வந்துவிட்டதை எண்ணி வெற்றிலையைத் துப்பினார்.

இரண்டாம் வாரம் சோறு தின்னும்போது மனைவி ஆதிலட்சுமியைக் கேட்டார்.

“இன்னா பண்ணுதாம் அது?”

“எது?”

“அதான்... அது.”

“பட்டணத்துல வாடகைக்கு வூடு தேடிக்கினு கீது. பேய்க்கு எவன் வூடு குடுப்பான்? நாய் மாதிரி தொரத்துறானுங்க.”

“அநியாயம்,” என்றார் தாண்டவராயன். உடனே, தாம் சொன்னது குழம்பில் உப்பைப் பற்றி என்று விளக்கினார்.

ஐப்பசிக் காற்று ஏரிப் பக்கமிருந்து கிளம்பியதும் மொட்டைமாடியில் இருந்த ஆன்டெனா திரும்பத் திரும்ப விலகியது. யாராவது கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றால்தான் படம். அந்தக் கடமையைத் தாண்டவராயன் ஏற்றார். மேலே நின்றால் பேயைப் பார்க்க வேண்டியதில்லை, பாருங்கள். ஆனால் காலடியில் ஒரு வென்டிலேட்டர் இருந்தது. அதற்குக் கற்பூரம் அணைக்கவில்லை.

அதன் வழியே செண்பகத்தின் குரல் வந்தது. சளி பிடித்தவள் போலக் கரகரத்த குரல். கடைசியில் வீடு கொடுத்த கிழவிக்கு அவள் விடியுமுன் அடிபம்பில் தண்ணீர் பிடித்து வைப்பதும், கிழவியின் பேத்தி பாடம் படிக்கையில் பயமுறுத்தாமல் மூலையில் ஒடுங்குவதும் அவருக்குக் காதால் தெரிந்தது. மழை வந்தபோது கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு கம்பியைப் பிடித்தார்.

“வேற யாராச்சும் புடிக்கட்டுமேய்யா, சளி புடிக்கப் போவுது,” என்றாள் ஆதிலட்சுமி.

“அவளே சளியோட காலம் தள்ளல?” என்றார் அவர். ஆதிலட்சுமி அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

கடைசி வாரம் மாந்திரீகர் திரும்பி வந்தார். தாண்டவராயன் மேலிருந்தே அவருடைய பழைய கனைப்பை அடையாளம் கண்டுகொண்டார். மகிழ வேண்டிய நேரம், மகிழ்ச்சி வரவில்லை.

“ஐயோ, சீசாவ எடுத்துட்டாண்டி!” என்று கீழே ஒருத்தி அலறினாள்.

“நான் யாரையும் பயமுறுத்தலீங்களே,” என்றது கரகரத்த குரல். அப்புறம் பேச்சே இல்லை. டிவியில் பேச்சு நின்றால் முகம் பேசுகிறது என்று அர்த்தம். முகம் வென்டிலேட்டர் வழியே வராது. கம்பியை விட்டுவிட்டு ஓடினாலோ படமே வராது.

அவர் குனிந்து கத்தினார். “மச்சான்! மேல வா, கம்பிய புடி!”

வேதாசலம் ஏணியில் தலையை நீட்டினான். “நீ எங்க போற மாமா?”

“கீய.”

“போனா அது மூஞ்சிய பாக்கணுமே?”

“தெரியும், புடிடா!”

“சாவி?”

முடிச்சு மழையில் இறுகியிருந்தது. ஆண்பிள்ளையின் அரைஞாண் அறுபடுவது சாவுக்கு மட்டும்தான். டிவிக்காரன் விளம்பரம் போட்டுவிடுவானோ என்ற பயத்துக்கு முன் சாஸ்திரம் எம்மாத்திரம்? அறுத்துக் கொடுத்துவிட்டு இறங்கினார். செருப்பைக் கழற்றவில்லை.

முகம் முழுசாகத் தெரிந்தது. லேசாகத் தூக்கிய பல், நெற்றியில் ஓர் அம்மைத் தழும்பு. ரேஷன் கடை வரிசையில் நிற்கிற முகம்.

“இவளா?” என்றார் தாண்டவராயன். பிறகு தம் நெற்றிக் குங்குமத்துக்கே மூலவரான மாந்திரீகரைப் பார்த்து, “யோவ், வுடுய்யா அவள!” என்று கத்தினார்.

ஊரே திரும்பியது. திரையில் மாந்திரீகர் வெகுநேரம் செண்பகத்தைப் பார்த்தார். சீசாவை நீட்டினார். அதில் அவளிடமே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் தெருவில் இறங்கிப் போனார்.

மேலே தூறல் ஆரம்பித்திருந்தது.

“மாமா!” என்று வென்டிலேட்டர் கெஞ்சியது. “இன்னா ஆச்சு? அடச்சிட்டானா?”

“சாவிக்காரனுக்கு அதெல்லாம் எதுக்கு?” என்றார் தாண்டவராயன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “கம்பிய ஆட்டாத மச்சான்.”