எங்கள் சரிவுக்கெல்லாம் ஒரே போன் நம்பர்

வாடிக்கையாளரின் விவரம் வெளியே எங்கோ கசிந்து, அதனால் அவர் கணக்கிலிருந்து பணம் போனால், மூன்று வேலை நாட்களுக்குள் வங்கியில் தெரிவித்தவருக்கு நஷ்டம் இல்லை என்பது விதி. என் பணம் போன அன்று மாலைக்குள்ளேயே நான் தெரிவித்துவிட்டேன். அரசு அலுவலகத்தில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். மனு எழுதுவதில் பந்தலூர்ப் பக்கம் என்னை மிஞ்ச ஆள் இல்லை. விதி தானாக வேலை செய்யும் என்று நம்பிய ஒரே ஆளும் நானாகத்தான் இருப்பேன்.

பச்சைத் தேயிலை விலை படுத்துக் கிடந்த சமயம் அது. எங்கள் மலைச் சரிவில் சிறு தோட்டம் வைத்திருந்த எல்லாரும் ஒரு தனியார் நிறுவனத்தில் தவணைக்கு உரம் வாங்கினோம். தவணை பிடிக்க என் வங்கி விவரத்தையும் வாங்கிக்கொண்டார்கள். சில மாதம் கழித்து, மனைவியின் கண் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணம் கணக்கிலிருந்து காணாமல் போனது. ரகசிய எண்ணை நான் யாருக்கும் சொல்லவில்லை.

வங்கி, நிறுவனத்தைக் கேளுங்கள் என்றது. நிறுவனமோ, 'உங்கள் போன் நம்பரை ஊரே வைத்திருக்கிறது, கசிந்தது உங்கள் பக்கம்தான்' என்று எழுதியது. அதில் பாதி உண்மை. எங்கள் சரிவில் என் வீட்டு வாசலில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அதனால் உரம் வாங்கும்போது எல்லாரும் என் நம்பரையே கொடுத்திருந்தார்கள். யாருக்காவது அழைப்பு வந்தால் நான் வாசலில் நின்று குரல் கொடுப்பேன், ஆள் ஏறி வரும்.

ஊட்டியில் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன். நம்பர் விஷயத்தை எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது என் சட்ட ஞானம். விசாரணை ஒரு புதன்கிழமை. எங்கள் பக்கம் கொழுந்து லாரி வருவது அன்று மட்டும்தான். தவறவிட்டால் இலை முற்றிவிடும், அடுத்த வாரம் ஃபேக்டரியில் எடுக்க மாட்டார்கள். அதனால் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன்.

முதல் பஸ்ஸில் ஏறினால், பாதி பஸ் எங்கள் சரிவுதான். என் மனைவி சொல்லிவிட்டிருக்கிறாள்.

"ஏனுங்க சார், எங்களுக்குத் தெரியாம ஊட்டி சுத்திப் பாக்கலாம்னு இருந்தீங்களா?" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர்.

"இன்னிக்கு லாரி வருமே" என்றேன்.

"அவங்க குடுக்கிற விலைக்கு இலை செடியிலயே இருக்கட்டும்" என்றார், இலங்கையிலிருந்து சிறுமியாக இங்கு வந்து சேர்ந்த அடுத்த வீட்டு அம்மா.

ஆணையத்தில் நிறுவனத்தின் வக்கீல் அந்த நம்பரைத்தான் பிடித்துக்கொண்டார். இத்தனை பேர் புழங்கிய எண்ணிலிருந்து யார் வழியாகவும் விவரம் போயிருக்கலாம் என்றார். நான் மனுவின் நகலைப் புரட்டத் தொடங்கினேன். அந்த அம்மா தானாக எழுந்தார்.

"ஐயா, நான் சொல்லலாமா? இந்த நம்பரை நாங்க உரக் கொம்பனிக்கு மட்டும்தான் குடுத்தோம். வேற யாருக்கும் குடுக்கல்ல. சாருக்குப் பணம் போன அதே கிழமை, அந்த ஏழு நாளைக்குள்ள, யாரோ ஒருத்தன் இதே போனுக்கு அடிச்சு என் பேரைச் சொல்லிக் கேட்டான். நான் வாங்கின உரத்தையும் சொன்னான். இவருக்கும் அப்படித்தான், அவருக்கும் அப்படித்தான். எங்க எல்லார் பேரையும் இந்த நம்பரோட சேர்த்து வேற யாரு எழுதி வச்சிருக்கா?"

ஒவ்வொருவராக எழுந்து அதையே சொன்னார்கள். வக்கீல் அவகாசம் கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கக்கூட என்னை விடவில்லை. "நீங்க வீட்டம்மா கண்ணைப் பாருங்க சார், கொழுந்து மறுபடி வளரும்" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர்.

போன பணத்தையும் நஷ்டஈட்டையும் நிறுவனம் தரவேண்டும் என்ற உத்தரவு, பொங்கல் விடுமுறை முடிந்து தபால் வந்த முதல் நாள் கைக்குக் கிடைத்தது. ஆபரேஷனும் பிறகு நல்லபடியாக முடிந்தது. வந்த தபாலின் மேல் தேதி போட்டு வைப்பது என் பழைய பழக்கம். உத்தரவு வந்த அன்று பேனாவை எடுத்தவன், உண்மையில் எனக்குப் பதில் கிடைத்தது என்றைக்கு என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவர்கள் கொழுந்தைச் செடியிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிய அந்தப் புதன்கிழமையின் தேதியை எழுதினேன். இன்றுவரை அதைத் திருத்தத் தோன்றவில்லை.