சிமெண்ட் தொட்டியில் ஒளிந்த தங்கம்

நசரத்பேட்டையில் மொட்டைமாடியில் கப்பி எனும் சின்ன அலங்கார மீன்களை வளர்த்து விற்கும் ரைஹானாவுக்கு எதையும் சும்மா விடத் தெரியாது. சாம்பல் நிறக் குஞ்சுகளுக்கு நடுவே ஒருநாள் தங்க நிறத்தில் ஓர் ஆண் குஞ்சு மின்னியது. வளர்ந்ததும் அதை இரண்டு சாம்பல் பெட்டை மீன்களோடு ஒரு தெர்மாகோல் பெட்டியில் விட்டாள். பிறந்ததெல்லாம் சாம்பல். எரிச்சலில் தங்க மீனை மட்டும் எடுத்து, சாம்பல் மீன்கள் நிறைந்த பெரிய சிமெண்ட் தொட்டியில் விட்டாள். தொட்டி முழுக்கத் தங்கமாகிவிடும் என்பது அவள் கணக்கு.

"செம்பரம்பாக்கம் ஏரில ஒரு சொட்டு டிகாஷன் ஊத்திட்டு காபி கேக்குறியா?" என்று சிரித்தான் கணவன் மஸூத்.

தொட்டியில் பிறந்த குஞ்சுகளில் தங்கம் தலைகாட்டவே இல்லை. ஆனால் அவள் கவனிக்காமல் விட்ட பெட்டியில், சாம்பல் குஞ்சுகள் வளர்ந்து தங்களுக்குள்ளேயே கூடிப் போட்ட குட்டிகளில் தங்கம் மின்னியது. போகப் போக அந்தச் சின்னக் கூட்டத்தில் பெரும்பாலானவை தங்கமாயின. கூடவே முதுகு வளைந்த மீன்களும் பெருகின.

"இன்னா இது, நல்லதும் கெட்டதும் ஒண்ணா வருது?" என்றான் மஸூத்.

"சின்ன எடம்ங்க. சொந்தத்துக்குள்ளயே சேர்ந்தா ஒளிஞ்சிகினு இருந்ததெல்லாம் வெளிய வருது."

"அப்போ பெரிய தொட்டில வளைஞ்ச மீனே இல்லியே?"

ரைஹானா தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். நூற்றுக்கணக்கில் சாம்பல் மீன்கள். அவற்றில் எது எதை ஒளித்து வைத்திருக்கிறதோ என்று, அன்று முதன்முறையாக அவளுக்குச் சந்தேகம் வந்தது.