அக்கரையிலிருந்து வந்த ஆணி ஜோடு

பேரரசின் வடகோடித் தீவில், எல்லைச் சுவர் ஓரத்து லுகுவாலியம் கோட்டையின் தெற்கு வாசலை ஒட்டிய தெருவில் வேலோரிகா படைவீரர்களுக்கு ஜோடு தைத்துக் கொடுத்து வந்தாள். தோலை எவரும் தைத்துவிடலாம், அடியில் ஆணி அடிப்பதுதான் வேலை என்பாள். விளிம்பில் இரண்டு வரிசை, நடுவில் கோழிக்கால் மாதிரி மூன்று ஆணி. அது அவள் கடை அடையாளம். கணவன் செனோவாரஸின் ஜோட்டில் மட்டும் அந்தக் கோழிக்காலுக்குப் பின்னால் ஓர் ஆணி கூடுதலாக இருக்கும்.

ஆணி அடித்த ஜோடு நடந்த இடத்தில் தடம் விழும். மழை பெய்த மறுநாள் ஆற்றுத்துறைச் சேற்றைப் பார்த்தே யார் எந்தப் பக்கம் போனார், சுமையோடு போனாரா, அவசரமாகப் போனாரா என்று அவள் சொல்லிவிடுவாள். பார்லியில் கள் காய்ச்சும் டோக்காவுக்கு இதில் எரிச்சல்.

"ராத்திரி எத்தனை தடவை எந்திரிச்சேன்னுகூட சொல்லுவ போல."

"ரெண்டு தடவை எந்திரிச்ச. ரெண்டாவது தடவை சறுக்கியிருக்க."

ஒரு தளபதி தன்னைத்தானே பேரரசன் என்று சொல்லிக்கொண்டு, இருந்த படையில் பெரும்பகுதியைக் கப்பலேற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார். செனோவாரஸும் அதில் போனான். போவதற்கு முந்தின நாள் வேலோரிகா அவனுக்குப் புது ஜோடு தைத்துப் போட்டுவிட்டாள். அதன் பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. மிஞ்சிய வீரர்கள் கோட்டைக்குள்ளேயே ஆடு வளர்க்கத் தொடங்கினார்கள். இரும்பு வருவது நின்றது. மெல்ல மெல்ல ஊரில் நடந்தவர்கள் எல்லோரும் வெறும் தோல் செருப்புக்கு மாற, சேற்றில் தடம் மழமழவென்று ஆகிவிட்டது.

நான்காவது வருடம் முடிந்தபோது, மனைவியை இழந்திருந்த டோக்கா தன்னைக் கட்டிக்கொள்ளும்படி அவளைக் கேட்டான். அவளுக்கும் மனம் இருந்தது. ஆனால் சட்டம் ஒன்று இருந்தது. படையில் போனவனிடமிருந்து நான்கு வருடம் ஒரு சேதியும் வராவிட்டால் மனைவி மறுமணம் செய்துகொள்ளலாம். அதற்கு முன் எபோராகத்தில் இருக்கும் மாகாணத் தளபதியிடம் எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். கொடுக்காமல் கட்டிக்கொண்டால் அது கள்ள உறவு. வேலோரிகா ஒரு தையல் விட்டுப்போனாலும் முழுவதையும் பிரித்துத் தைக்கிறவள். பாதிரியாரிடம் மரச்சில்லில் மனுவை எழுதி வாங்கிக்கொண்டு, உப்பு வண்டிக்காரர்களோடு எட்டு நாள் நடந்து எபோராகம் போனாள்.

தளபதி மாளிகையின் பெரிய மண்டபத்தில் பன்றிக்குட்டிகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு கிழவி கம்போடு உட்கார்ந்திருந்தாள்.

"தளபதி எங்கம்மா?"

"எந்தத் தளபதி? பொறுப்பில இருக்கறது நான்தான். மனு இருந்தா குடு, அந்தக் கறுப்புக்குட்டி எதையும் மிச்சம் வைக்காது."

வேலோரிகா மனுவோடு திரும்பி வந்தாள்.

"இனி யாருகிட்டடி குடுப்ப? காக்காகிட்டயா?" என்று டோக்கா கேட்டான்.

"வாங்கிக்க ஆள் இல்லைங்கறதால மனு குடுத்ததா ஆயிடுமா?"

"அப்ப நான் கிழவனாகற வரைக்கும் இப்படியேவா?"

இப்படியே இன்னொரு வருடம் போனது.

இலையுதிரும் காலத்தில் ஒரு காலை, ஆற்றுத்துறையில் ஒரே கூச்சல். சேற்றில் ஆணித் தடம். படை திரும்பி வருகிறது என்று ஊரே சொன்னது. பாதிப்பேர் தானியத்தை ஒளிக்க ஓடினார்கள். முன்பு வரி வசூலித்த ஒருவர் பழைய அங்கியைத் துவைக்கப் போட்டார்.

வேலோரிகா மண்டியிட்டுப் பார்த்தாள். விளிம்பில் இரண்டு வரிசை. நடுவில் கோழிக்கால். பின்னால் ஓர் ஆணி.

டோக்கா அவள் பின்னால் வந்து நின்றான். "அவன்தானா?"

அவள் அடுத்த தடத்துக்கு நகர்ந்தாள். அதற்கடுத்ததற்கும். செனோவாரஸ் வலது குதிகாலை வெளிப்பக்கம் இழுத்து நடப்பவன். இந்தத் தடங்களில் பெருவிரல் பக்கம்தான் ஆழம்.

"ஜோடு அவரோடது. கால் வேற யாரோடதோ."

"அப்ப செத்துட்டானா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"தெரியல. ஜோட்டைக் கையில வாங்கிப் பாக்கணும்."

தடம் கிழக்கு வாசல் லாயத்துக்குப் போனது. அங்கே சாணைக்கல்லும் அரிவாளும் விற்கிற ஒருவன் பார்லிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். பெயர் மட்டுகஸ், அக்கரைக்காரன்.

"தம்பி, ஓரத்தில தையல் விட்டிருக்கு. கழட்டு, தச்சுத் தரேன்."

"என்கிட்ட குடுக்க ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணும் கேக்கல. கழட்டு."

மடியில் கவிழ்த்து வைத்துப் பார்த்தாள். குதிகாலின் வெளிப்பக்கத்தில் ஆணித் தலைகள் சாய்வாகத் தேய்ந்திருந்தன. தேய்ந்த இடம் கறுத்துப் பழசாகியிருந்தது. பெருவிரல் பக்கத்துத் தேய்மானம் புதுசு, இன்னும் பளபளத்தது. படையோடு நடந்தால் ஒரு ஜோட்டின் ஆணி மூன்று மாதம் தாங்காது. இதில் குதிகால் ஆணி பாதிகூடத் தேயவில்லை.

"இது எங்க கிடைச்சது?"

"சந்தையில."

"பொய். இதுக்கு முன்னாடி போட்டவரு வலது குதிகாலை இழுத்து நடப்பாரு. கடல் தாண்டி அஞ்சாறு நாள் நடந்திருப்பாரு, அதுக்கு மேல இல்ல. அப்புறம் வருசக்கணக்கா இதைப் போடவே இல்ல."

மட்டுகஸ் கஞ்சியைக் கீழே வைத்தான். "நீ சூனியக்காரியாக்கா?"

"செருப்பு தைக்கிறவ. பொணத்துகிட்ட இருந்து கழட்டுனியா?"

"சத்தியமா இல்ல! அவரு உசிரோட இருக்காரு. பொனோனியாத் துறைமுகத்தில இருந்து உள்ள நாலு நாள் தூரம். படையில இருந்து நழுவி வந்துட்டாராம். அங்க ஒரு விதவையோட நெலத்தை உழறாரு. ஒரு குழந்தை. கட்டை மிதியடிதான் போட்டுக்கறாரு. என்கிட்ட அரிவாள் வாங்குனாரு."

"அரிவாளுக்கு மாத்தா இதைக் குடுத்தாரா?"

"மொதல்ல ஒரு ஆட்டுத்தோல்தான் குடுத்தாரு. எந்தப் பக்கம் போறேன்னு கேட்டாரு. கடல் தாண்டி, வடக்கே எல்லைச் சுவர் வரைக்கும்னேன். உள்ள போய் இதைக் கொண்டாந்தாரு. ஆட்டுத்தோலைத் திருப்பிக்கூட கேக்கல."

"வேற என்ன சொன்னாரு?"

"அங்க சேறு அதிகம், உதவும்னாரு. ஆணி ஒண்ணைக்கூட மாத்தாதேன்னாரு. ரெண்டு தடவை சொன்னாரு. ஏன்க்கா?"

அவள் ஊசியில் நூல் கோர்த்தாள். விட்டிருந்த இடத்தை நெருக்கமாகத் தைத்தாள், மெழுகு தேய்த்தாள். இன்னொன்றையும் கேட்டு வாங்கி, அதில் ஒன்றும் விட்டிராதபோதும் ஓரத்தை ஒரு தடவை தைத்துக் கொடுத்தாள்.

"இனிமே ஆணியை மாத்திக்கலாம் தம்பி," என்றாள்.

டோக்கா கள் மிடாவைக் கழுவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கப் பயந்தான்.

"செத்துட்டானா?"

"இல்ல. நல்லா இருக்காரு. பொண்டாட்டி, புள்ளையோட."

சட்டம் டோக்காவுக்கும் தெரியும். சேதி வராத மனைவிக்குத்தான் விடுதலை. இப்போது சேதி வந்துவிட்டது. "அப்ப அவ்வளவுதானா?"

"தளபதிகிட்ட எதுக்கு மனு குடுக்கச் சொன்னாங்க? அவருக்குத்தான் புருசன் இருக்கானா இல்லையான்னு தெரியும்னு. எனக்கு, இனி வரமாட்டேன்னு அந்தப் புருசனே பதில் அனுப்பிட்டாரு."

"எழுத்திலயா?"

"எனக்குப் படிக்கத் தெரிஞ்ச எழுத்தில."

டோக்காவுக்குப் புரியவில்லை. புரிந்தது போலத் தலையாட்டினான். "பாதிரியாரு கேப்பாரே?"

"அவருக்கு நான் பதில் சொல்லிக்கறேன். உன் வீட்டுக் கூரை ஒழுகுது. என் வீட்டு ஓடு இன்னும் அப்படியே இருக்கு. நீ அங்க வந்துடு."

"நாளைக்கு வரட்டா?"

"இன்னைக்கு உனக்கு என்ன வேலை?"

அன்று மத்தியானமே மாட்டுவண்டியில் மூன்று மிடாக்களை ஏற்றிக்கொண்டு வந்தான். அவசரத்தில் ஒன்றை மூட மறந்துவிட்டான். தெரு நெடுகக் கள் சிந்தியது. லுகுவாலியத்தில் இருந்த அத்தனை நாய்களும் வண்டிக்குப் பின்னால் வந்தன.